அடிக்காத சங்கு

நவம்பர் 4, செவ்வாய்

இன்னைக்கும் ரெண்டு குளியல். வீட்டுல ஒண்ணு, ஹேச்சரி வாசல்ல ஒண்ணு. வெளியில இருந்து சீக்கைக் கொண்டு போயி குஞ்சுக்கு ஒட்டிவிட்டறக் கூடாதுன்னு, முதலாளியே வந்தாலும் தலையோட குளிச்சு, அவங்க குடுக்கிற நீலச் சட்டையை மாட்டிட்டுத்தான் உள்ள போகணும். ஒண்ணுக்கு வெளிய போயிட்டு வந்தாலும் மறுபடி குளியல்தான். கல்யாணத்தப்போ எனக்கு இருந்த முடியில பாதி அந்தக் குளியலறை ஜல்லடையிலதான் கிடக்குது.

என் வேலை என்னன்னு யாராவது கேட்டா, இவர் முந்திக்குவார். "எம் பொண்டாட்டி கம்ப்யூட்டர்ல கோழிக்குஞ்சு பொரிக்கிறா." பெரிசா தப்பும் இல்லை. குஞ்சு பொரியிற ஒவ்வொரு அறைக்கும் வாசல்ல ஒரு கண்ட்ரோல் பெட்டி இருக்குது. சூடு, ஈரம், காத்தாடி எல்லாம் அது பொறுப்பு. எல்லாப் பெட்டியையும் ஒரே ஒயர்ல கோத்து என் லேப்டாப்புல கொண்டாந்து சேர்த்திருக்காங்க. பட்டன், படம் ஒரு எழவும் கிடையாது. கருப்புத் திரை. இங்கிலீஷ்ல ஒரு வரி அடிச்சா அந்தப் பெட்டி கேட்டுக்கும். ஆனா கேட்டுக்கறது வேற, மனப்பாடம் பண்றது வேற. "சேவ்"னு தனியா ஒரு வரி அடிச்சாத்தான் மனப்பாடம். இல்லைன்னா கரண்ட் போயி வந்ததும் பழைய பாடத்தைத்தான் ஒப்பிக்கும். புதுசா எதையாவது மாத்திப் பார்க்கிறப்போ நாங்க வேணும்னே சேவ் அடிக்காம விடுவோம். தப்பாப் போனா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கலாம் இல்ல?

நாலாம் நம்பர் பெட்டி ரெண்டு நாளா சூட்டைக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லிட்டு இருந்துச்சு. நாளைக்குக் காலையில அதுல குஞ்சு எடுக்கணும், அதுக்குள்ள சரி பண்ணிடுன்னு மேனேஜர் திருவேங்கடம் சார் விரட்டினார். சென்சாரை வெளிய எடுத்து வெந்நீர்ல முக்கி, நல்ல தெர்மாமீட்டரோட வெச்சு ஒத்துப் பார்க்கணும். வெந்நீர்ல முக்கினா அறையே வெந்து போச்சுன்னு நினைச்சு சங்கு அலற ஆரம்பிச்சிரும். மில்லுல ஷிஃப்ட்டுக்கு ஊதுமே, அதே மாதிரி சங்கு. அதனால நாலாம் நம்பருக்கு மட்டும் சங்கை ஆஃப் பண்ணினேன். கணக்கு சரியாச்சு, சேவ் அடிச்சேன். சங்கை ஆன் பண்றதுக்கும் வேன் ஹாரன் அடிக்கிறதுக்கும் சரியா இருந்துச்சு. அந்த டிரைவர் ஒரு நிமிஷம் நிக்க மாட்டான், படுபாவி. போட்டது போட்டபடி ஓடி வந்து ஏறினேன்.

வாசல்ல நாச்சிமுத்தண்ணன் ராத்திரி டூட்டிக்கு வந்துட்டு இருந்தார். ராத்திரி முழுக்க அங்க அவர் ஒத்தை ஆள்தான். ஒரு கொய்யாப்பழத்தைக் கையில திணிச்சார். "மழை வரும் போல இருக்குது அம்மிணி. கரண்ட் நிக்காது. ஜெனரேட்டர் கிட்டத்தான் இன்னைக்கு என்ற பொழப்பு." ஜெனரேட்டர் கொட்டாய் வெளிய இருக்குது. அது ஓடுறப்போ பக்கத்துலயே நிக்கணும்னு ரூல். உள்ள ஏதாவது ஆச்சுன்னா சங்கு கூப்பிடும்.

"சங்கு இருக்குதுங்ணா, உங்களுக்கு என்ன வெசனம்?"னு சொல்லிட்டு வந்தேன்.

ரசம் வெச்சேன். கொய்யா நல்ல இனிப்பு.

நவம்பர் 5, புதன்

நாலாம் நம்பர் மொத்தமாப் போயிருச்சு.

விடியறதுக்குள்ள மேனேஜர் போன். ராத்திரி கரண்ட் போயி ஜெனரேட்டர் ஓடியிருக்குது. அந்த நேரத்துல நாலாம் நம்பர்ல காத்தாடி பெல்ட் அறுந்திருக்குது. குஞ்சுக சூடே குஞ்சுகளை வேக வெச்சிருச்சு. கரண்ட் வந்து, குளிச்சுட்டு உள்ள போன நாச்சிமுத்தண்ணன்தான் பார்த்துட்டுக் கத்தியிருக்கார்.

இவர் வண்டியில கொண்டு போயி விட்டார். இன்னைக்கும் குளிக்கணும்னாங்க. குளிச்சேன். தண்ணி தலையில ஊத்தறப்போதான் நேத்து வேன் ஹாரன் ஞாபகம் வந்துச்சு. சோப்பு போட்டனா இல்லையான்னு தெரியல. ஓடிப் போயி மொத வேலையா லேப்டாப்பைத் திறந்தேன். நாலாம் நம்பர்ல ஒரு வரி அடிச்சேன். சேவ் அடிச்சேன். அதுக்கப்புறம்தான் அறைப்பக்கம் போனேன். கைப்பழக்கம்.

கதவுப் பக்கமா எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, வாயைத் திறந்தபடியே கிடந்துச்சு. மஞ்சள் முடிகூட இன்னும் காயல. பத்தாயிரத்துக்கு மேல. அடியில எங்கயோ ஒண்ணு ரெண்டு கீச்சுகீச்சுன்னுட்டு இருந்துச்சு.

மேனேஜர் நாச்சிமுத்தண்ணனைப் பிடிச்சுட்டார். "சங்கு அடிச்சது காதுல விழலையாய்யா? தூங்கிட்டியா?"

"சங்கு அடிக்கவே இல்லீங் சார். நான் கண்ணைக்கூட மூடலீங்."

நான் குஞ்சுத் தட்டு எடுக்கிறவங்களுக்கு மாஸ்க் எடுத்துட்டு வரேன்னு போயிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

முதலாளி வந்தார். அவரும் குளிச்சுட்டுத்தான் வந்தார். சங்கை எல்லார் முன்னாடியும் டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும்னார்.

மேனேஜர் சூடான டீ டம்ளருக்குள்ள நாலாம் நம்பர் சென்சாரை விட்டார். வீல்னு அலறுச்சு பாருங்க, முதலாளியே காதைப் பொத்திட்டார். முட்டை தூக்கற பொண்ணுக திடுக்குன்னு ஆயிருச்சுக. நாச்சிமுத்தண்ணன் மட்டும் காதைப் பொத்தல. சங்கையே அண்ணாந்து பார்த்துட்டு நின்னார். அப்புறம் என்னைப் பார்த்தார். கோபமா இல்லை. எங்கிட்ட ஏதாச்சும் விளக்கம் இருக்கும்னு பார்த்தார்.

"சுகந்தி, பெட்டியில ஏதாவது கோளாறு உண்டா?"ன்னு மேனேஜர் கேட்டார்.

"இல்லை சார். நல்லாத்தான் இருக்குது."

அது பொய் இல்லை. இன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

"மெஷின் பொய் சொல்லாதுய்யா"ன்னார் முதலாளி. அடுத்த வியாழக்கிழமை முடிவு சொல்றதாவும், அது வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னும் நாச்சிமுத்தண்ணன்கிட்டச் சொல்லிட்டாங்க. அவர் நீலச் சட்டையைக் கழட்டி, மடிச்சு, வழக்கமா போடற கூடையில போடாம மேஜை மேல வெச்சுட்டுப் போனார்.

சாப்பாட்டை மூடி வெச்சுட்டேன். இவர்கிட்ட வயிறு சரியில்லைன்னு சொன்னேன்.

நவம்பர் 7, வெள்ளி

வெள்ளிக்கிழமை பூஜை, வாசல் பிள்ளையாருக்கு. வேலைக்கு வராதேன்னு அனுப்பின நாச்சிமுத்தண்ணன் பூஜைக்கு வந்து நின்னார். தட்டுல கற்பூரம் எரிஞ்சுட்டு இருக்குது. எல்லாரும் கும்பிட்டுட்டு இருக்கிறப்போ சட்டுனு முன்னால வந்து, "நான் தூங்கலை, சங்கு அடிக்கலை, இது சத்தியம்"னு உள்ளங்கையால கற்பூரத்தை அடிச்சு அணைச்சுட்டார். கையை உடனே எடுக்கவும் இல்லை. பக்கத்துல நான்தான் நின்னேன். கருகின வாசம் மூக்குல ஏறுச்சு.

பூசாரி வேற கற்பூரம் எடுத்து ஏத்தினார்.

சரி, எழுதிடறேன். இதுல எழுதறதுக்கே மூணு நாள் ஆச்சுன்னா அப்புறம் எங்க சொல்றது.

செவ்வாய்க்கிழமை நான் வரிசையை மாத்திட்டேன். சங்கை ஆஃப் பண்ணினேன், சேவ் அடிச்சேன், அப்புறம் ஆன் பண்ணினேன். ஆன் பண்ணினதை சேவ் அடிக்கல. அப்போ பெட்டிக்கு மனப்பாடம் ஆனது "சங்கு ஆஃப்"ங்கறதுதான். கரண்ட் போற வரைக்கும் சங்கு உசுரோட இருந்துச்சு. கரண்ட் போயி வந்ததும் பெட்டி பழைய பாடத்தை ஒப்பிச்சிருச்சு. அறை வெந்தப்போ அது வாயே திறக்கல. புதன்கிழமை நான் குளிச்சுட்டு ஓடிப் போயி அடிச்ச அந்த ஒரு வரி, சங்கை ஆன் பண்ற வரி. கைப்பழக்கமாவது மண்ணாவது. யாரும் பார்க்கிறதுக்கு முன்னாடி மூடி மறைச்சேன். யார் எப்போ என்ன அடிச்சாங்கன்னு பெட்டி கணக்கு வெச்சுக்காது. அது எனக்குத் தெரியும்.

அந்த மனுசன் பொய் சொல்லலை. இது தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான், நான் மிக்சர் பொட்டலம் வாங்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

நவம்பர் 8, சனி

இட்லிக்கு ஊறப் போட்டேன். ஆட்ட மறந்துட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இவர்கிட்டச் சொல்லிட்டேன். கறி வாங்கிட்டு வந்து உக்கார்ந்தவர்கிட்ட, வெங்காயம் உரிச்சுட்டே சொன்னேன். அழுதாலும் வெங்காயம்னு போயிரும் பாருங்க, அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு உண்டு.

கறிப்பையை என் பக்கம் தள்ளி வெச்சார். "வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுங்க."

"அப்போ விடு. போன குஞ்சு போயிருச்சு. நீ சொன்னா திரும்பி வருமா?"

"நாச்சிமுத்தண்ணன்?"

"அவருக்கு வேற எங்கயாவது வாட்ச்மேன் வேலை கிடைக்கும். உனக்கு? பொம்பளை கையில குடுத்தா இப்படித்தான்னு ஒவ்வொருத்தனும் பேசுவான். அப்புறம் எந்த ஹேச்சரியில உன்னை லேப்டாப்பைத் தொட விடுவாங்க?"

அவர் சொன்னது நெசம். அதனாலதான் கோபம் வந்துச்சு. நான் வேலைக்குச் சேர்ந்தப்போ மேனேஜர் கேட்ட மொத கேள்வியே "உனக்கு இதெல்லாம் வருமாம்மா?"ங்கறதுதான். மூணு வருஷமா ஒவ்வொரு வரியும் அடிச்சு, வருதுன்னு காட்டிட்டு இருந்தேன். இப்போ வரலைன்னு நானே போயிச் சொல்லணுமா?

கறி நல்லா வெந்திருந்துச்சு. நான் சாப்பிடல. வாசம் ஒத்துக்கல.

நவம்பர் 11, செவ்வாய்

பல்லடம் பஸ் ஸ்டாண்டுல நாச்சிமுத்தண்ணனையும் அவர் சம்சாரம் சரசக்காவையும் பார்த்தேன். பார்க்காத மாதிரி போயிரலாம்னு கடைக்குள்ள நுழைஞ்சேன். அக்கா பின்னாடியே வந்துட்டாங்க.

"அம்மிணி! நல்லா இருக்கறயா? காது டாக்டர்கிட்டப் போயிட்டு வாரோம்!"

அந்தக் கடையே திரும்பிப் பார்த்துச்சு. அக்கா அப்படிக் கத்திப் பேசற ஆளே இல்லை. பூஜைக்கு வர்றப்போ எல்லாம் அவங்க பேசறது பக்கத்துல நிக்கறவங்களுக்கே கேக்காது.

"யாருக்குக் காதுங்க்கா?"

"இவருக்குத்தான்! சங்கு அடிச்சிருக்குது, இவருக்குக் கேக்கலை! அத்தனை வருசம் தறிச் சத்தத்துல கெடந்தாரு, அப்புறம் ஜெனரேட்டரு! காது போயிருக்கும்னு இவரே சொல்றாரு! நானும் அதான் மூணு நாலு நாளா கத்திப் பேசிட்டு இருக்கேன்!"

நாச்சிமுத்தண்ணன் பக்கத்துல நின்னுட்டு இருந்தார். கையில கட்டு, அந்தக் கற்பூரக் கை. டாக்டர் என்ன சொன்னார்னு கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குதுங்கறார் அம்மிணி. அவர் ரூம்புல அமைதி. அங்க கேக்காம என்ன? ஜெனரேட்டர் பக்கத்துல கேக்கோணுமே." குரலைத் தாழ்த்தினார். "நான் பொய்ச் சத்தியம் பண்ணிட்டனோ அம்மிணி? அடிக்கலைன்னு கற்பூரத்தை அணைச்சுட்டனே. அடிச்சு, என்ற காதுலதான் விழலைன்னா? நெனைச்சா படுக்க முடியலை."

அந்த இடத்துலயே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள சரசக்கா, "பஸ்ஸு வந்துருச்சு, ஏறுங்க!"ன்னு அவர் காதுகிட்டப் போயிக் கத்தினாங்க. அவர் பச்சைப் புள்ளை மாதிரி தலையை ஆட்டிட்டு ஏறினார்.

என் மேல எனக்கே காறித் துப்பணும் போல இருந்துச்சு. வேலையைப் பிடுங்கினேன், சரி. அந்த மனுசனோட காதையும் பிடுங்கிட்டேன். சத்தியத்தையும் பிடுங்கிட்டேன்.

நவம்பர் 12, புதன்

இன்னைக்குச் சொல்லிரலாம்னு மேனேஜர் ரூம் வரைக்கும் போனேன். அவர் பொண்ணுக்கு நிச்சயமாம். மைசூர்பாகு எடுத்துக்கம்மான்னார். எடுத்துக்கிட்டேன், நல்லா இருக்குது சார்னு சொன்னேன், வந்துட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

முடிவு சொல்ற நாள். நாச்சிமுத்தண்ணன் வந்ததும் மேனேஜர்கிட்ட ஒரு வேண்டுகோள் வெச்சார். "ஜெனரேட்டரை ஓட விடுங் சார். நான் பக்கத்துல நிக்கறேன். அம்மிணி சங்கை அடிக்கட்டும். கேட்டா கையைத் தூக்கறேன். கேக்கலைன்னா காது போச்சுன்னு நானே ஒத்துக்கிட்டுப் போயிடறேன். தூங்கினான்ங்கற பேரு மட்டும் வேண்டாங்."

மேனேஜர் மோசமான ஆளு இல்லை. சரின்னார். கண்ட்ரோல் ரூம் ஜன்னல்ல இருந்து பார்த்தா ஜெனரேட்டர் கொட்டாய் தெரியும். மேனேஜர் என் பக்கத்துல நின்னார். பக்கத்துலயே இருக்கற நாலாம் நம்பர் அறை இன்னும் காலியாத்தான் கிடக்குது, அதோட சென்சாரை என் மேஜை வரைக்கும் இழுத்து வெச்சிருந்தேன். சென்சாரை வெந்நீர்ல விட்டேன்.

சங்கு அலறுச்சு. அந்த நொடியே கொட்டாய்ல கை மேல போச்சு. கட்டுப் போட்ட கை. அவர் சிரிச்சது இங்க வரைக்கும் தெரிஞ்சுச்சு. சந்தோசத்துல ரெண்டு கையையும் தூக்கிட்டார்.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "காது நல்லாத்தான் கேக்குது. அப்போ தூங்கித்தான் இருக்கான். பாவம், அது தெரியாம கையைத் தூக்கிட்டு நிக்கறான் பாரு. நான் போயிச் சொல்லிடறேன்."

கதவு வரைக்கும் போயிட்டார்.

"சார், ஒரு நிமிஷம்"னேன். என் குரல் எனக்கே வேற யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. "இன்னொரு தடவை பார்க்கலாம் சார். நீங்க இங்கயே நில்லுங்க."

அவர் பார்க்கப் பார்க்க அடிச்சேன். சங்கு ஆஃப். சேவ். சங்கு ஆன். அப்புறம் எட்டிப் போயி நாலாம் நம்பர் பெட்டியோட சுவிட்சை அணைச்சு, மறுபடி போட்டேன். சென்சாரை வெந்நீர்ல விட்டேன். தெர்மாமீட்டர் ஏறுது, ஏறுது, ஏறிட்டே இருக்குது. ஒரு சத்தம் இல்லை. ஜெனரேட்டர் மட்டும் தடதடன்னு ஓடிட்டு இருந்துச்சு. கொட்டாய்ல அவர் தலையைச் சாய்ச்சு, காதுகிட்டக் கையை வெச்சுக் கேட்டுப் பார்க்கறார். கை மேல போகலை.

"ஏன் அடிக்கலை?"ன்னார் மேனேஜர்.

"அன்னைக்கும் இப்படித்தான் சார் அடிக்கலை. நான்தான் சார். சேவ் அடிச்ச வரிசை தப்பு. அடுத்த நாள் காலையில வந்ததும் நானே திருத்தி வெச்சுட்டேன். அதனாலதான் நீங்க டெஸ்ட் பண்ணப்போ அடிச்சுச்சு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்கார்ந்தார். நாச்சிமுத்தண்ணன் உள்ள வரணும், ஆனா வெளிய நின்னவர் குளிச்சுட்டுத்தான் வரணும். நாங்க ரெண்டு பேரும் அந்தத் தண்ணி விழற சத்தத்தைக் கேட்டுட்டே உக்கார்ந்திருந்தோம். இத்தனை நாள்ல அவ்வளவு நீளமான குளியலை நான் பார்த்ததில்லை.

தலை சொட்டச் சொட்ட வந்தார். முகமே செத்துப் போயிருந்துச்சு. "மொதத் தடவை கேட்டுதுங். ரெண்டாவது கேக்கலீங். அப்போ விட்டு விட்டுத்தான் கேக்குது போல. காது போயிருச்சுங் சார்."

"எனக்கும் கேக்கலீங்ணா"ன்னேன். "சாருக்கும் கேக்கலை. அது அடிக்கவே இல்லை. அன்னைக்கும் அடிக்கலை. என் தப்பு. உங்க காது நல்லா இருக்குது."

அவர் புரிஞ்சுக்கக் கொஞ்ச நேரம் ஆச்சு. மேனேஜர் இன்னொரு தடவை விளக்கிச் சொன்னார். அதுக்கப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். திட்டுவார்னு நின்னேன். திட்டினா நல்லா இருந்திருக்கும்.

"நான் கற்பூரத்தை அணைச்சப்போ நீ பக்கத்துலதான நின்ன அம்மிணி?"

ஆமான்னு தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் கேட்டார். அப்புறம் மேனேஜரோட போனை வாங்கி வீட்டுக்குப் பேசினார். "சரசு, நான்தான். சாமி நல்லவருதான். என்ற காதுக்கு ஒண்ணுமில்ல. நீ இனிமே மெதுவாப் பேசு."

நவம்பர் 14, வெள்ளி

இன்னைக்கு ஒரே குளியல். கூப்பிடற வரைக்கும் வர வேண்டாம்னு மேனேஜர் சொல்லிட்டார். கூப்பிடுவாங்கன்னு தோணல. இவர் காலையில இருந்து எங்கிட்டப் பேசல, ஆனா காபி அவரே போட்டு வெச்சுட்டுப் போயிருக்கார்.

நாச்சிமுத்தண்ணன் இன்னைக்கு ராத்திரி டூட்டிக்குப் போறாராம். வேன் டிரைவர் போன் பண்ணிச் சொன்னான். நான் எதுவும் கேக்காமலே, "நாலாம் நம்பர் சங்கை மேனேஜரே நின்னு அடிச்சுப் பார்த்துட்டாருங்க்கா"ன்னும் சொன்னான்.

மத்தியானம் சரசக்கா கூப்பிட்டாங்க. எடுத்ததும் ஆரம்பிச்சவங்க நிறுத்தல. ஒரு வாரமாப் பழகிப் போன அதே கத்தல். உம்பட கையில சோறு வாங்கித் தின்னா அது செரிக்குமான்னாங்க. ஒரு பூஜையில சேர்ந்து நின்னமேன்னாங்க. கையைச் சுட்டுக்கிட்ட மனுசனுக்கு நீ மருந்தாவது வாங்கித் தந்தயான்னாங்க. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சுச்சு. நான் போனைக் காதை விட்டு எடுக்கல. அவங்களா வெக்கிற வரைக்கும் முழுசாக் கேட்டேன்.